ஆணி டயர்

காலை ஐந்து நாற்பது என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டேன்.
நர்ஸ் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள்.
இங்கே அது வழக்கம்,
போகிறவர் போக ஒரு வழி.
உள்ளே வந்தது பனிதான்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வதென்று
கல்லூரியில் ஒரு பிற்பகல் முழுக்கச் சொல்லித் தந்தார்கள்:
உட்கார்ந்து சொல்,
கண்ணைப் பார்த்துச் சொல்,
இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்.
சொல்லி முடித்த பிறகு
கைகளை எங்கே வைத்துக்கொள்வது?
அது பாடத்தில் இல்லை.

ரெய்க்யாவிக்கில் என் வகுப்புத் தோழர்கள்
ஒருவன் ஓடுகிறான், கடலோரமாக, மூச்சு முட்டும்வரை.
ஒருத்தி ரொட்டி சுடுகிறாள், யாரும் தின்று தீராத அளவுக்கு.
இன்னொருவனுக்குப் பெயர்களே நினைவில்லை,
படுக்கை எண்தான்.
எனக்கு அந்த வசதி கிடையாது.
எண்ணூறு பேர் ஊர். ஒரு கடை, ஒரு நீச்சல் குளம்,
மலையைக் குடைந்து ஒரே ஒரு சுரங்கப் பாதை,
அதிலும் பாதி தூரம் ஒற்றைத் தடம்.
எதிரே வெளிச்சம் தெரிந்தால்
ஓரப் பொந்தில் ஒதுங்கி நிற்க வேண்டும்,
வருவது யாராக இருந்தாலும்.

திங்கட்கிழமை வந்தான் பெர்க்ஸ்வெயின்,
முதுகு வலி என்று.
படகு எஞ்சினைத் தூக்கினானாம்.
எஞ்சினைத் தூக்கினால் முதுகு வலிக்கும்.
மாத்திரை எழுதினேன்.
வாசலில் என் காரைப் பார்த்து
"டயர் மொட்டை" என்று சிரித்துவிட்டுப் போனான்.
வியாழன் இரவு அவன் பெருந்தமனி
நைந்த துணி மாதிரிக் கிழிந்தது.
ஹெலிகாப்டரைக் காற்று விடவில்லை.

விசாரணை நடந்தது. நான்கு பக்கக் கடிதம்:
யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள்.
நான் யாராக இருந்தாலும் அல்ல.
அவன் வயிற்றில் ஒருமுறை
கை வைத்துப் பார்க்காதவள்.

மூன்று வாரம் குளத்துப் பக்கம் போகவில்லை.
போன அன்று
வெந்நீர்த் தொட்டியில் நான்கு தலைகள்,
முடியில் உறைபனி.
படி இறங்கி வந்தாள் ஒட்னி, அவன் மனைவி.
மீன் ஆலைக்காரர் இருவருக்குத்
திடீரென்று நீந்தும் ஞாபகம் வந்தது.
இன்னொருவர் துண்டைத் தேடிப் போனார்.
அவளும் நானும்
கழுத்துவரை ஒரே தண்ணீரில்.
ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட
வாய்வரை வரவில்லை.

வெகு நேரம் கழித்துக் கேட்டாள்,
"உன் கார் டயர் என்ன அளவு?"
சொன்னேன்.
"அதேதான். ஆணி வைத்தது, புத்தம் புதுசு.
மாட்ட முடியவில்லை அவனுக்கு,
முதுகு வலி.
காரை விற்றுவிட்டேன்.
கராஜில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது."
பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்,
ஏற்கெனவே நனைந்திருந்த முகத்தை.

மன்னித்தாளா, தெரியாது.
விலை எவ்வளவு என்று கேட்டேன்.
அதற்கு மட்டும் கோபப்பட்டாள்.

குளிர்காலம் முழுக்க அவற்றில்தான் ஓடினேன்,
பிரசவத்துக்கு, காய்ச்சலுக்கு,
ஒருமுறை காரணமே இல்லாமல்.
ஏப்ரலில் கழற்றிவிட வேண்டும், சட்டம்.
வெறும் தாரில் ஆணிகள் கறகறக்கும்,
சுரங்கத்துக்குள் இரட்டிப்பாக.
டாக்டர் வருகிறாள் என்று
இரண்டு வளைவுக்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

மே மாதம் வழிமறித்தான் போலீஸ்காரன் எய்விந்த்.
"ஸ்டெயின்வோர், பனி போய் மூன்று வாரம்."
"தெரியும்."
குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.
விளிம்பில் மஞ்சள் பெயிண்டில் முன் இடது என்று
பெர்க்ஸ்வெயின் கையெழுத்து,
எதையும் எழுதி வைக்கிற மெக்கானிக்கின் கையெழுத்து.
தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.
அபராதத்தையும் எழுதினான்,
டயர் ஒன்றுக்கு இவ்வளவு என்று, நான்குக்கும்.

அன்றே கட்டினேன்.
எனக்குக் கிடைத்த ஒரே தண்டனை அது.
ரசீதை வைத்திருக்கிறேன்.

நேற்று ஒருவர் வந்தார், முதுகு வலி என்று.
சட்டையைத் தூக்குங்கள்,
மல்லாந்து படுங்கள் என்றேன்.
"வலி முதுகில்தானே?"
ஆமாம், என்றேன். படுங்கள்.